வாயில்லா உயிர்க்குச் செய்யும் பணி

காஞ்சிமாநகரில் திருக்கோயில் வீதிகளிலும், தறியோசை ஒலிக்கும் நெசவாளர் தெருக்களிலும், ஊர்திகளால் அடிபட்டும் சொறிபிடித்தும் கிடக்கும் நாய்களைக் கண்டு ஒதுங்கிச் செல்வார் பலர். அத்தகையவற்றை எடுத்துச் சென்று மருத்துவஞ் செய்து காப்பாரும் நம் நாட்டில் உளர். அவர் செயல் சைவநெறிக்கு உடன்பாடாமோ, ஆமாயின் எவ்வகைப் புண்ணியமாம் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் இத்தொண்டின் வரலாறு அறியத்தக்கது. சென்னையில் விமானியாய் விளங்கிய கேப்டன் வி. சுந்தரம் 1959-ஆம் ஆண்டில் புளூ கிராஸ் என்னுஞ் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாளில் மாநகராட்சியார் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தனர். கொன்றும் அவற்றின் தொகை குறைந்திலது. ஓரிடத்து நாய்களை அகற்றினால், ஆங்குள்ள எச்சிலுணவை நாடி வேற்றிடத்து நாய்கள் புகுந்து பெருகும். ஆதலின், கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் வேண்டுமென அச்சங்கத்தார் 1964 முதல் வற்புறுத்தினர். சென்னை மாநகராட்சி 1996-இல் கொலையைக் கைவிட்டது. 2001-இல் அம்முறை நாடு முழுமைக்கும் விதியாயிற்று.

இனி, ஒருசாரார் கூறுவது: “நாயுடம்பும் அதன் துன்பமும் பிராரத்த வினையின் பயன். நுகர்ந்து கழிக்கவேண்டிய அதனை இடையே புகுந்து தடுத்தல் ஆகாது” என்பர். அது பொருந்தாது. என்னை? பிற உயிரின் வினையளவு பதி ஒருவனே அறிவன். பசுவாகிய நாம் அறியேம். நாம் செய்யும் உதவிதானும் அவ்வுயிரின் நல்வினைப் பயனாய் வந்ததாகலாம். அன்றியும், இங்ஙனங் கூறுவார் தமக்குக் காய்ச்சல் வந்தக்கால் வினையென்று வாளாவிருத்தல் இல்லை, மருந்துண்கின்றனர். தமக்கு ஒன்றும் நாய்க்கு ஒன்றுமாக வினைக்கொள்கையை வேறுபடுத்தல் நெறியன்று. அயலுயிரின் துன்பங் கண்டும் வினைமேலேற்றி அகல்வான், தனக்கே ஆகாமியந் தேடிக்கொள்கின்றான்.

“பிறப்பைத் தடுக்கும் அறுவை பாவமன்றோ?” எனின், அன்று. உயிர் நித்தியம், உடம்பே மாயையின் காரியம். வினைக்கீடான உடம்பைக் கூட்டுவிப்பவன் இறைவன். ஓரிடத்து ஓருடம்பு தோன்றாமையால் அவன் செயல் தடைப்படுமாறில்லை. பிறந்த குட்டிகள் பசியாலும் சகடத்தாலும் மாய்வதினும் இது நன்று.

“குழந்தைகளைக் கடிக்கும் நாய்க்கு இரங்குதல் குழந்தைகட்குக் கொடுமையன்றோ?” என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. வெறிநாயின் உமிழ்நீர்வழிப் புகும் நோய் நரம்பின்வழி மூளையை எய்திக் குறிகாட்டிய பின்னர்ப் பிழைத்தல் மிகமிக அரிது. கடிவாயை உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு கால்மணி நேரங் கழுவி, தாழாது தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை முதலிய இடங்களிற் பிடித்த நாய்களை மீண்டும் ஆங்கு விடாது காப்பகத்தில் வைக்க ஆணையிட்டதும் இவ்வச்சம் பற்றியே. சோறிடுதலோடு நின்று ஊசியும் அறுவையும் மறப்பவனது இரக்கம் முற்றுப்பெறாத இரக்கம். அதன் துன்பத்தை அயலான் குழந்தை நுகரும். காப்பகத்தில் அடைத்தவற்றைப் பட்டினியிட்டு மறத்தலும் அத்தகையதே.

எஞ்சியது, இஃது எவ்வகைப் புண்ணியம் என்பது. “யான் காத்தேன்” என்னும் முனைப்போடும் புகழ் வேட்கையோடும் செய்யின் பசுபுண்ணியமாய்ப் போகமளித்து அழியும், அது பொன்விலங்கு. அவ்வுயிரும் இறைவன் உடைமை, இக்கையும் அவன் உடைமை என்றுணர்ந்து செய்யின் சிவபுண்ணியமாம். செயல் ஒன்றே, முனைப்பு நீங்குதலே வேறுபாடு. நன்றியும் புகழும் பயவாத இப்பணி அம்முனைப்பைத் தேய்த்தற்கு ஏற்றதொன்றாம்.

அடியார் ஆடையை ஒலித்துத் தொண்டாற்றிய திருக்குறிப்புத்தொண்ட நாயனார் அவதரித்த பதி காஞ்சி. உலகம் சிறிதென எண்ணும் பணியே அவரை உயர்த்தியது. மணிவாசகர் தம்மை ‘நாயேன்’ என்றார். நாமும் சந்நிதியில் அவ்வாறே சொல்லி உருகுகின்றோம். பைரவர் திருமுன்னர் அவர்தம் ஊர்தியையும் வணங்குகின்றோம். வெளிவந்து, வாயிலிற் கிடக்கும் புண்பட்ட நாயைக் கல்லால் எறிவோமாயின், உள்ளே சொன்ன சொல் மெய்யாமோ என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே வினவுக.