ஒரே பந்தி: வேதாரண்யம் குருகுலமும் பள்ளியில் சமயமும்

வேதாரண்யத்தில் சர்தார் அ. வேதரத்தினம் பிள்ளை 1946இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலம், ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கும் தங்க இடமும் படிப்பும் கொடுத்துவரும் நிறுவனம். பழைய வழக்கில் குருகுலம் என்பது மேல்வருணத்து ஆண்பிள்ளைகள் ஆசிரியர் வீட்டில் தங்கி வேதம் ஓதும் இடம். அந்த அமைப்பை எடுத்துச் சாதி பாராமல் பெண்களுக்கென்று நடத்த முனைந்தது ஒரு கல்வி முயற்சி. கூடவே அது சமயம் பற்றிய ஒரு முடிவும் ஆகும். பள்ளிக்கூடத்தில் சமயத்துக்கு இடம் உண்டா, உண்டென்றால் அது பாடமாக வரவேண்டுமா, பழக்கமாக வரவேண்டுமா, எதையும் சீர்தூக்கிப் பார்க்கும் வயது வராத பிள்ளைக்கு அதைக் கற்பிக்க யாருக்கு உரிமை என்ற கேள்விகளுக்கு இந்தக் குருகுலத்தின் வரலாறு தெளிவான ஒரு விடையைத் தருகிறது.

இந்தக் கேள்விகள் ஊருக்குப் புதியவை அல்ல. வேதாரண்யத்தின் பழம்பெயரான திருமறைக்காட்டின் தலபுராணத்தின்படி, வேதங்கள் இறைவனை வழிபட்டுவிட்டுக் கோயில் கதவை அடைத்துப் போயின. அதன்பின் மக்கள் வேறு வழியாகத்தான் உள்ளே போய்வந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் ஞானசம்பந்தரும் இங்கு வந்தபோது, அப்பர் ஒரு பதிகம் முழுதும் பாடிக் கதவைத் திறந்தார். சம்பந்தர் ஒரே பாட்டில் அதை மூடினார். அன்று முதல் கதவு எல்லாக் கதவுகளையும்போல நாள்தோறும் திறந்து மூடத் தொடங்கியது என்று பெரியபுராணம் சொல்கிறது. வேதம் பூட்டிய வாயிலைத் தமிழ்ப் பாட்டு திறந்தது என்பதே அடியார்கள் இதில் கண்ட பெருமை. இதே கோயிலைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. நெய்யைத் தேடி வந்த எலியின் மூக்குப் பட்டு, அணையப்போன விளக்கின் திரி தூண்டப்பட்டது. தான் செய்தது இன்னதென்று அறியாத அந்த எலி அடுத்த பிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. தேவாரத்திலேயே இடம்பெற்ற கதை இது. பொருள் தெரியாமல் பிரார்த்தனை சொல்லும் குழந்தைக்கு அதனால் பயன் உண்டா என்று கேட்டால், எலியின் கதை உண்டு என்கிறது. கதவின் கதையோ, புனிதமானது பூட்டிக் கிடப்பதைவிட எல்லாரும் நுழையும்படி திறந்திருப்பதே மேல் என்கிறது.

வேதரத்தினம் பிள்ளை (1897–1961) உப்பளங்கள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தாயுமானவர் மரபில் வந்த குடும்பம் என்று அதைச் சொல்வார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் படை வேதாரண்யத்தை முடிவிடமாகக் கொண்டதற்கு இவருடைய உழைப்பும் ஒரு காரணம். படைக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றைப் பொட்டலம் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் சமைத்தது, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்காமல் தொண்டர்கள் அதை எடுத்துத் தின்று நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பும் அந்தப் பயணத்தின் பிரசாரங்களில் ஒன்று. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளப்பட்டது. வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார், சொத்தையும் இழந்தார். பதினாறு ஆண்டு கழித்து அவர் பெண்களுக்கு ஒரு பள்ளியை நிறுவினார். 1944இல் ஆகாகான் மாளிகைக் காவலில் இறந்த கஸ்தூரிபாவின் பெயரை அதற்குச் சூட்டினார்.

தமிழ்நாட்டில் குருகுலம் என்றாலே அப்போது சேரன்மாதேவிதான் பலருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். நோக்கம் பெரியது: தாய்மொழிக் கல்வி, தேசபக்தி, கைத்தொழில். காங்கிரசும் பணம் கொடுத்தது. ஆனால் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த இரு பையன்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதெப்படி என்பது ஐயரின் நிலை. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் பிறப்பால் பந்தி பிரிக்கக் கூடாது என்பது எதிர்த்தவர்களின் நிலை. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், பிள்ளைகள் மனத்தில் முதலில் பதிவது தனி இலைதான். 1925இல் ஐயர் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். அதே ஆண்டு இறுதியில் ஈ.வெ.ரா. காங்கிரசைவிட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலே திசைமாறியதில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பங்கு உண்டு.

வேதாரண்யம் குருகுலம் பின்பற்றிய காந்திய வழி வேறொரு முனையிலிருந்து தொடங்கியது. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் காந்தி சமயப் பாடத்தைச் சேர்க்கவில்லை. சமயங்கள் அன்று கற்பிக்கப்பட்ட விதத்தில் ஒற்றுமையைவிடப் பிணக்கையே வளர்க்கும் என்று அஞ்சினார். நாள்தோறும் இருவேளை பிரார்த்தனை செய்த ஒருவர் பள்ளியிலிருந்து சமயப் பாடத்தை விலக்கியது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். அவர் விலக்கியது கோட்பாட்டைத்தான். உண்மை, உழைப்பு, பிறர் துன்பத்தைத் தன்னுடையதாக எண்ணுதல் ஆகியவை எல்லாச் சமயத்துக்கும் பொது என்றும், அவற்றை ஆசிரியரின் நடத்தையிலிருந்து மட்டுமே பிள்ளை கற்க முடியும் என்றும் அவர் கருதினார்.

ஆதாரப் பள்ளிகளில் இதற்குக் கருவியாக இருந்தது கைவேலை. தக்ளியைச் சுழற்றி, இடக்கையில் பிடித்த பஞ்சிலிருந்து நூல் இழுப்பதைப் பழகப் பல நாள் ஆகும். அவசரப்பட்டால் நூல் அறும், மந்தமாக இழுத்தால் திரளும். அறுந்த இடத்தை ஈரவிரலால் முறுக்கி ஒட்டவைத்து மறுபடி தொடங்கவேண்டும். நூற்றது சிட்டமாகிக் கணக்கில் ஏறும். இந்தப் பொறுமையைத் தியானத்துக்கு நிகராகக் காந்தியர்கள் மதித்தார்கள். அதைவிட முக்கியமானது கூட்டுவதும் கழுவுவதும். காவிரிக் கடைமடையில் சாணி அள்ளுவதும் கழிவிடம் துப்புரவு செய்வதும் இன்ன சாதிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. விடுதியில் அந்த வேலை முறைவைத்து எல்லாப் பெண்ணுக்கும் வரும்போது, தீட்டு என்ற கருத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் 1947இல்தான் வந்தது. குருகுலம் அதற்கு ஓராண்டு மூத்தது.

சர்வ சமயப் பிரார்த்தனை காந்திய நிறுவனங்களின் அடையாளம். வடக்கே நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும், தெற்கே மறைக்காட்டு நாதர் கோயிலும் அமைந்த இந்தக் கடற்கரைக்கு அது இயல்பாகவே பொருந்தும். ஆனாலும் இதன்மேல் ஓர் ஆட்சேபம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. எல்லா வழியும் ஒரே இடத்தில் சேரும் என்பது நடுநிலையான கருத்து அன்று. அதுவே ஒரு சமயக் கொள்கை. தாயுமானவர் பாடிய சமரசம் சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் சந்திக்கும் இடத்தில் பிறந்தது. தன் வழி ஒன்றே மெய் என்று நம்பும் குடும்பத்துப் பிள்ளையும், கடவுளே இல்லை என்னும் வீட்டுப் பிள்ளையும் அந்தக் கொள்கையை ஏற்றாக வேண்டும் என்று வற்புறுத்துவதற்கில்லை. அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள மாணவரின் சம்மதம் வேண்டும், சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு என்ற கோட்டை உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் வரைந்தது.

சம்மதம் கேட்கவேண்டியது பிரார்த்தனைக்கு. சேர்ந்து உண்பதற்கு விலக்கு கேட்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை கிடையாது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடே குருகுலத்தின் வரலாறு தரும் விடை: பள்ளியில் சமயம் எவ்வளவு இருக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு நியாயம், பந்தியில் வேறுபாடு அநியாயம். இது பழங்கதை ஆகிவிடவில்லை. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் எங்கும் பந்தியைக் கொண்டுவந்துவிட்டன. 2023இல் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் தடுத்தபோது, கரூரில் மாவட்ட ஆட்சியரும் தூத்துக்குடியில் மக்களவை உறுப்பினரும் நேரில் போய் அதே உணவைச் சாப்பிட வேண்டியிருந்தது.