நோய்க்குப் பெயர் எதற்கு?

 

நான் ஆலிமும் அல்லன், டாக்டரும் அல்லன். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. தஞ்சோங் ரம்புத்தானில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் மனத்தைக் குடைந்து வரும் கேள்வி ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். மருந்தில்லாமலே உடம்பு தேறிவிட்டால், வந்திருந்த வியாதியின் பெயரைத் தேடிப் போவது அவசியந்தானா? அதுவும், பெயர் தெரிய வேண்டுமானால் அந்த வியாதியை மறுபடியும் வரவழைத்தாக வேண்டும் என்றால்?

மூன்றாண்டுகளாக எனக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உப்புசம், பிறகு பேதி, அதன் பிறகு எழுந்திருக்க முடியாத களைப்பு. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிய நான் ஐந்து கிலோ சீனியை எடுத்து வைக்கவே மூச்சு வாங்கினேன். ஒருவர் காஸ்டிரிக் என்றார். ஒருவர் காற்று என்றார். ஒரு கிளினிக்கில், கவலையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரின் பெயர் நாடெங்கும் தெரிந்திருப்பது 1911-ல் இங்கே திறக்கப்பட்ட மனநோய் ஆஸ்பத்திரியால். இன்று அதற்கு ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்று பெயர். "உனக்கென்ன, பஸ்கூட ஏற வேண்டாம், பக்கத்திலேயே இருக்கிறது" என்று சிநேகிதர்கள் சிரித்தார்கள். மனநோயும் நோய்தான், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெயர் தெரியாத நோயாளியின் பேச்சைப் பிறர் நம்புவதில்லை. நாளடைவில் அவனே தன்னை நம்பாமல் போகிறான். அந்தக் கஷ்டம் வயிற்று வலியைவிடக் கொடியது.

சென்ற ஆண்டு ஊருக்குப் போய் நாற்பது நாள் தங்கினேன். மூன்று வேளையும் சோறும் மீனும்தான். வயிறு அடங்கிவிட்டது. திரும்பி வந்து காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் மீ கோரெங் என்று பழையபடி தொடங்கினேன். ஒரே வாரத்தில் படுத்துவிட்டேன். கோதுமையின் மேல் சந்தேகம் கொண்டு நானாகவே அதை நிறுத்தினேன். நான்கு மாதம் சுகமாக இருந்தேன். பிறகுதான் ஈப்போவில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் சீலியாக் என்னும் வியாதியாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்தார். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தது. நான் கோதுமையை விட்டு நான்கு மாதமாயிற்று என்று அப்போதுதான் சொன்னேன். அவர் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டார். "அப்படியானால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. தினமும் கோதுமை சாப்பிட்டு, ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்றார்.

அதன் காரணத்தை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் உண்டு. ரொட்டி சானாய்க்கு வீசும்போது மாவு கிழியாமல் விரிவது அதனால்தான். சீலியாக் உள்ளவருடைய சிறுகுடலில் இது சேர்ந்ததும், உடம்பைக் காக்க வேண்டிய சக்தி தன் குடலையே பகையென்று தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. தின்றது உடம்பில் ஒட்டாமல் இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் வருகின்றன. இரத்தத்தில் தேடுவது அந்தச் சண்டையின் தடயத்தைத்தான். கோதுமையை நிறுத்தினால் சண்டை ஓய்கிறது, தடயமும் மறைகிறது. தட்டில் சரக்கை வைக்காமல் தராசு முள்ளைப் பார்த்தால் என்ன தெரியும்? இரத்தத்தில் தடயம் தெரிந்த பிறகு, குழாய் இறக்கிச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்த்து நிச்சயிப்பார்கள். அதுவரைக்கும் கோதுமையை விடக் கூடாது.

இதை நான் மதிக்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, வந்த வியாதியை விரட்டிவிட்டாய். அதை ஏன் திரும்பக் கூப்பிட்டு விருந்து வைக்கிறாய்? சுகத்தைக் கொடுத்தவன் அல்லாஹ். ஷுக்ரு செய்துவிட்டு இரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல இரவுகள் யோசித்தேன். என் மனத்துக்குப் பட்ட பதில்கள் மூன்று.

முதலாவது, சுகம் வந்ததென்பதால் காரணம் விளங்கிவிட்டதாக ஆகாது. 1924-ல் அமெரிக்காவில் ஹாஸ் என்னும் டாக்டர், இந்த வியாதியால் மெலிந்த குழந்தைகளுக்கு வாழைப்பழ ஆகாரம் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழமே மருந்தென்று உலகம் கொண்டாடியது. குணமான பிறகு பழைய ஆகாரத்துக்குத் திரும்பலாம் என்றும் எண்ணினார்கள். உண்மையில் பிள்ளைகளைத் தேற்றியது பழமன்று, ரொட்டி இல்லாமையே. ஹாலந்து தேசத்து டாக்டர் டிக்கே என்பவர் கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தால் அங்கே பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் பட்டினியால் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி மெலிந்தார்கள். 1950-ல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். என் சுகமும் ஒரு வாழைப்பழச் சுகமாக இருக்கலாமல்லவா? வேறு குடல் நோய்களும் இதே வேஷத்தில் வருவதுண்டு. 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் நோய் பரவியது. அதுவும் பேதியும் மெலிவும்தான்; குடலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தேயும். ஆனால் அதற்கு வைத்தியம் வேறு. கோதுமையை விட்டால் அது தீராது.

இரண்டாவது, ஊகம் மனிதனைக் கட்டுப்படுத்தாது. சீலியாக் என்றால் ஆயுள் முழுவதும் பத்தியம். ஒரு துணுக்குக்கூடக் கூடாது. நானோ சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில், "நிச்சயமாகத் தெரியாதே" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். கிச்சாப்பில் கோதுமை சேர்வதுண்டு. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. என் கடையில் விற்கும் சரக்குகள்தாம் இவை. ஊகத்தை நம்பி இருந்த நான் லேபிளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அறிந்ததற்குத்தான் மனிதன் கீழ்ப்படிகிறான். சந்தேகத்திடம் பேரம் பேசுகிறான்.

மூன்றாவதுதான் என்னை அசைத்தது. இந்த வியாதி இரத்த உறவில் வருவது. ஒருவருக்கு இருந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். சிலருக்கு வயிற்றுத் தொந்தரவே இராது. பிள்ளைகளை நேரே சோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். இன்று ஒன்றுமில்லை என்று வந்த பிள்ளைக்கு நாளை வரலாம். மறுபடி சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பது தகப்பனுக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. என் மகள் வயதுக்கேற்ற வளர்த்தியில்லாமல் வெளிறிப் போயிருக்கிறாள். ஊரில் தம்பிகள் இருவர் இருக்கிறார்கள். என் உடம்பைப் பற்றிய உண்மை எனக்கு மட்டும் சொந்தமன்று. அவர்களுக்கு நான் கொடுக்க வேண்டிய அமானிதம் அது.

இது வெள்ளைக்காரர் வியாதி என்று நம்மவர் நினைக்கலாம். இந்தியாவில் 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வடக்கே நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இரத்தத்தில் இதன் தடயம் இருந்தது. இதற்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு இரு பக்கத்தாரிடமும் ஏறக்குறைய சமமே. வேறுபட்டது தட்டுதான்: வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். சோற்றை உண்ட நம் முன்னோரிடம் ஒளிந்திருந்தது, மூன்று வேளையும் மாவைத் தின்னும் நம்மிடம் வெளிப்படலாம். மலேசியாவிலேயே 562 இளம் வயதினரின் இரத்தத்தைப் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 1.25 பேரிடம் இதன் தடயம் இருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர், சுகமாக நடமாடியவர்கள்.

உண்மையைத் தேடுவது தவக்குலுக்கு விரோதமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் ஒப்படைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பை அழித்துக்கொண்டு உண்மையைத் தேடும்படி யாரையும் நான் சொல்லவில்லை. கோதுமையைத் தொட்டாலே படுத்துவிடுபவர் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பரம்பரைக் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனைக்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை; அது இல்லையென்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லையென்றே கொள்ளலாம். இன்னும் கோதுமையை நிறுத்தாதவர்களோ, என்னைப் போல் முந்திக்கொண்டு நிறுத்திவிடாமல் முதலில் சோதனைக்குப் போங்கள்.

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்தக் குழம்பில் மாவு சேர்ந்திருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால் சிரிக்காதீர்கள், தெரியாததைத் தெரிந்ததாகவும் சொல்லாதீர்கள். சரக்கின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாதென்றால், அதில் கலந்திருப்பதை மறைப்பதும் ஆகாது.

இதை எழுதும்போது எனக்கு நான்காவது வாரம். தினம் இரண்டு ரொட்டி சாப்பிடுகிறேன், இரவில் தூக்கமில்லை. முடிவு எப்படி வருமோ அறியேன். சீலியாக் என்று வந்தால் பத்தியத்தை இனி முழு மனத்தோடு காப்பேன். மகளையும் தம்பிகளையும் சோதிக்கச் செய்வேன். இல்லையென்று வந்தாலும் இந்த ஆறு வாரம் வீணென்று எண்ணமாட்டேன். வேறெங்கே தேட வேண்டும் என்பதாவது தெரியும். மகளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம், "இன்னும் இரண்டு வாரம் பொறு" என்கிறது.