விழாதிருத்தல்

நவம்பர் மாதத்தில் எங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பலர், தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வந்தவர்கள். ஓய்வூதியக்காரர்கள். 2014 முதல் இதற்கு விரல்ரேகையே போதும். வர முடியாதவர்களைத் தேடி நாங்கள் போவதும் உண்டு. இந்த நவம்பரில் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு நான் போனது என் அத்தையிடம். ரயில்வே புக்கிங் ஆபீஸில் 30 வருஷம் டிக்கெட் கொடுத்தவள். இப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். ரேகைக்காக வலது கையை எடுத்தேன், வரவில்லை. கட்டில் கம்பியோடு ஒரு வெள்ளைத் துணிப்பட்டையால் கட்டியிருந்தது.

ஆயா சாவகாசமாக முடிச்சை அவிழ்த்தாள். "ராத்திரியில எழுந்து நடக்கறாங்க சார். விழுந்துட்டா நீங்கதான வந்து சத்தம் போடுவீங்க?" உண்மை, போட்டிருப்பேன். தவிர, சேர்க்கும்போது நான் கையெழுத்திட்ட காகிதங்களில் ஒன்று, பாதுகாப்பை உத்தேசித்துச் செய்யப்படும் கட்டுப்பாடுகளுக்கு என் சம்மதம். காசோலையில் தேதி பிசகியிருந்தால் திருப்பி அனுப்புகிறவன் நான். அதைப் படிக்கவில்லை.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எழுவாய் யார் என்பதுதான் என் பிரச்னை. இல்லத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. விழுவது ஒரு சம்பவம். அதற்குத் தேதி, நேரம், சாட்சி உண்டு. சதை வற்றிப்போகும் கால், படுக்கைப் புண், நாளுக்கு நாள் குறையும் பேச்சு - இவை சம்பவங்களல்ல. எந்தத் தேதியிலும் நிகழாமல் நிகழ்ந்துவிடுகிறவை. ஆகவே பதிவேட்டில் அத்தை பத்திரமாக இருக்கிறாள். (முதுமையைப் படிமமாக்கி நம் பத்திரிகைகளில் எத்தனையோ கவிதைகள் வந்தாயிற்று. காய்ந்த மரம், அஸ்தமனம். படுக்கைப் புண்ணின் வாடை எதிலும் அடித்ததாக ஞாபகமில்லை.)

கட்டிப்போட்டால் காயம் குறையும் என்ற நம்பிக்கையே தவறு. அமெரிக்காவில் 1987ஆம் வருஷத்துச் சட்டம், பராமரிப்பு இல்லங்களில் ஒழுங்குக்காகவோ ஊழியர் சௌகரியத்துக்காகவோ கட்டக்கூடாது என்றது. கட்டுகளைக் குறைத்த இல்லங்களில் கடுமையான காயங்கள் அதிகரிக்கவில்லை. மாறாக, வாரில் கழுத்து இறுகியும், கம்பிக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்கியும் இறந்தவர்கள் உண்டு. நமக்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்த கொட்டகையில், சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. பருத்தித் துணியை யாரும் சங்கிலியாக நினைப்பதில்லை.

பி.ஏ.யில் லியர் மன்னன் பாடமாக இருந்தது. மகள்கள் கிழவனின் 100 வீரர்களை 50 ஆக்கி, 25 ஆக்கி, கடைசியில் ஒருவன்கூட எதற்கு என்று கேட்கும் இடத்தை அப்போது வெறும் கொடுமை என்றுதான் படித்தேன். இப்போது அவர்கள் பேச்சு நியாயமாகவே படுகிறது. வீட்டில் வேலையாட்கள் இருக்கிறார்கள், கவனித்துக்கொள்ள மாட்டார்களா? பயங்கரம் அந்த நியாயத்தில்தான். தேவை எது என்று தீர்மானிக்கும் உரிமை கவனிக்கிறவர் கைக்குப் போனபின், ஒவ்வொரு குறைப்புக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஆயாவை வில்லியாக்கி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இரவில் அந்த மாடியில் 18 பேருக்கு அவள் ஒருத்தி. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். அப்படி 12 பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் ஒரு மணி போய்விட்டது. மீதியில் மலஜலம், துணி மாற்றல், தண்ணீர், யாராவது ஒருவரின் அழுகை. அத்தை எழுந்து நடப்பதற்கு அந்தக் கணக்கில் நிமிஷமில்லை. துணிப்பட்டை, வேலைக்கு வைக்கப்படாத இன்னொரு ஆயா. அந்த இன்னொரு ஆயா இருக்கும் இல்லத்தையும் நான் போய்ப் பார்த்தேன். மாதாந்திரக் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"எழுந்து எங்கே போகிறாள்?" என்று கேட்டேன். ஆயா சிரித்தாள். "லைட்டை அணைக்கத்தான் சார். வீணா எரியுதாம்." கண்காணிப்புக்காக அந்த மாடியில் விளக்கு இரவு முழுக்க எரிகிறது.

மானேஜரிடம் கட்ட வேண்டாம் என்றேன். மறுக்கவில்லை, மேஜை டிராயரிலிருந்து வேறொரு காகிதம் எடுத்தார். விழுந்தால் இல்லம் பொறுப்பல்ல, முழுப் பொறுப்பும் கீழே கையொப்பமிடுபவரையே சாரும். இந்தத் தடவை வரிவரியாகப் படித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று மடித்து எடுத்துவந்தேன். நாலு நாளாகப் பையில் இருக்கிறது.