சுடாமல் விட்ட விமானி

1943 டிசம்பர் 20. ஜெர்மனியின் பிரெமன் நகரில் குண்டு வீசிவிட்டுத் திரும்பிய அமெரிக்க பி-17 விமானம் சல்லடையாகியிருந்தது. விரட்டி வந்த ஜெர்மானிய விமானி ஃபிரான்ஸ் ஸ்டிக்லர், வாலில் செத்துக் கிடந்த துப்பாக்கி வீரரையும் உள்ளே அடிபட்டவர்களையும் பார்த்தார், சுடவில்லை. கடல்வரை கூடவே பறந்து வழியனுப்பினார். விஷயம் வெளியே தெரிந்திருந்தால் ராணுவ நீதிமன்றம்தான். தப்பியவர்கள் மறுபடியும் குண்டு வீச வரமாட்டார்களா? நியாயமான கேள்வி, பிரெமன் மக்கள் கேட்டிருந்தால் பதில் சொல்வது இன்னும் கஷ்டம். ஆனால், பாராசூட்டில் குதிப்பவரைச் சுடக்கூடாது என்று அவருடைய தளபதியே எச்சரித்திருந்தார். பறக்கவே திணறிய விமானத்தையும் ஸ்டிக்லர் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். தரையிறங்கிச் சரணடையுமாறு முதலில் சைகையும் காட்டினார், அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை. அதன்பின் அவர் கையில் மிஞ்சியது கொல்வது, விடுவது இரண்டே.