வீராங்கனைக்கு ஒரு காதலன்

சித்திரக்கதையின் வீராங்கனை காதலிக்கக் கூடாதா என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. காதலை வெறுப்பது முற்போக்காகாது. ஆனால், அக்காதல் அவள் உள்ளத்திற் பிறந்ததா, பதிப்பாளரின் மேசையிற் பிறந்ததா என்பதை நாம் கேட்டே ஆகவேண்டும். சிறுவர் படிக்கும் படக்கதைக்கு இத்துணை ஆராய்ச்சியா என அன்பர் சிலர் முகஞ் சுளிக்கலாம். சிறுவர் படிப்பதனாலேயே ஆராய்கின்றோம்.

அமெரிக்காவின் வண்டர் வுமனை எடுத்துக்கொள்வோம். 1941 இன் இறுதியில் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியல் அறிஞர் இவளைப் படைத்தார். ஆண்களே இல்லாத தீவொன்றின் இளவரசி இவள். விமானம் வீழ்ந்து அங்கு வந்துசேர்ந்த ஸ்டீவ் ட்ரெவர் என்ற படையதிகாரியைப் பேணிக் காதலுங் கொண்டு, போட்டியொன்றில் வென்று அவனோடு அமெரிக்காவுக்கு வருகிறாள். எனவே காதல் அவளுக்குப் பின்னாளில் ஒட்டப்பட்டதன்று. ஆயினும் அபாயத்திற் சிக்குபவன் அவன், மீட்பவள் அவள். ஆடவன் ஒருவன் அவளது கைவளைகளிற் சங்கிலி பூட்டினால் அவள் வலிமை அற்றுப்போகும் என்று விதி வகுத்தவரும் மார்ஸ்டனே. அதை ஓர் எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். பின்வந்தோரோ சங்கிலி பூட்டுவதையே தொழிலாகக் கொண்டனர்.

1947 இல் மார்ஸ்டன் மறைய, றொபேட் கனிகர் எழுதத் தொடங்கினார். போர்க்காலத்தில் தொழிற்சாலைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் அடுக்களைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. காதற் சித்திரக்கதைகள் சந்தையில் நன்கு விலைபோன காலமுங்கூட. 1949 இன் இறுதியில் வந்த 'சென்சேஷன் கொமிக்ஸ்' 94 ஆம் இதழின் அட்டையிலே ஸ்டீவ் அவளைக் கையிலேந்தி ஓடையைக் கடக்கிறான். பகைவர் கூட்டத்தைத் தனித்துநின்று முறியடித்தவளுக்கு ஓடை தாண்ட ஆண்துணை வேண்டியதாயிற்று! மறுவருடம் அவள் பத்திரிகையொன்றிற் காதற் பிரச்சினைகளுக்கு ஆலோசனை கூறும் பகுதியின் ஆசிரியையானாள். உலகப் புகழ்பெற்ற பெண்களின் வரலாறுகள் வந்த பக்கங்களிலே திருமண வழக்கங்கள் பற்றிய குறிப்புகள் இடம்பிடித்தன.

எப்போது என்னை மணப்பாய் என்பது ஸ்டீவின் ஓயாத கேள்வி. குற்றங்கள் ஒழிந்தபின் என்பது அவள் மறுமொழி. சுப்பர்மானும் லோயிஸ் லேனை 1996 வரை காக்கவைத்தான்; ஆனால் அவன் கடமை கடமையாகவே மதிக்கப்பட்டது. அவளுடைய கடமையோ திருமணத்தைத் தள்ளிப்போடும் சாட்டாகச் சுருங்கிற்று. நம் இலக்கண மரபிற் சொன்னால், அவனுக்கு அகமும் உண்டு, புறமும் உண்டு. அவளுக்குப் புறம் தேய்ந்து அகம் மட்டுமே எஞ்சுகிறது. அந்த அகத்திலும் அவள் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. காதலனை எடுத்துவிட்டால் அவளிடம் கதை ஏதும் மிஞ்சுமா என்று பார்த்தாற் போதும். அது காதலா, கட்டாயமா என்பது புலனாகிவிடும்.

1968 இலே சோதனை முற்றிற்று. ஸ்டீவுக்குத் துணைநிற்பதற்காகத் தன் ஆற்றல்களையே அவள் துறக்கிறாள். அடுத்த இதழிலேயே ஸ்டீவ் கொல்லப்படுகிறான்! ஆற்றலும் போய் ஆளும் போனபின் அவளுக்குக் கிட்டியது ஓர் ஆடைக்கடை. 1972 இல் பெண்ணுரிமைச் சஞ்சிகையான 'மிஸ்' தன் அட்டையில் அவளைப் பழைய கோலத்திற் பேருருவாக நிறுத்தியது. 1973 இல் ஆற்றல்கள் மீண்டன.

2012 இல் அவளைச் சுப்பர்மானுக்கே காதலியாக்கினர். வலிமையில் இணையானவன் துணையானால் நன்றுதானே என நாமும் எண்ணலாம். மறுவருடம் இருவருக்குமாகத் தனி இதழொன்று தொடங்கிற்று. அதன் பெயர் 'சுப்பர்மான் / வண்டர் வுமன்'. பெயர்வரிசையிலும் அவள் இரண்டாமிடத்திலேயே நின்றாள்.