பறித்ததும் கொடுத்ததும்

மனிதன் மனமுவந்து கொடுப்பதற்கும், அவன் கையிலிருந்து பிறர் பிடுங்கிக் கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயின், இவ்விரண்டும் ஒரே செயலில் கலந்து நிற்குமானால் அதனை என்னவென்று சொல்வது? புதுச்சேரியில் ஒரு சிறு பூங்காவில் அமர்ந்திருந்தபோது இக்கேள்வி நம்மை வந்தடைந்தது.

மதரஸாவுக்கு வேண்டிய சில பொருள்களை வாங்குவதற்காகத் தொண்டூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சென்றிருந்தோம். நம்மிடம் ஓதி வரும் மாணவர் ஒருவரும் உடன் வந்தார். ளுஹர் தொழுத பின், வெயில் தாழும் வரை இளைப்பாறலாம் எனப் பாரதி பூங்காவினுள் நுழைந்தோம். வெளியே வாகனங்களின் இரைச்சல், உள்ளே மரநிழல். கூடையை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி கண்ணயர்ந்திருந்தார். அவரை எழுப்புவாரோ, நீ யார் என்று கேட்பாரோ எவருமில்லை. பொது இடம் என்பதன் பொருள் அதுதானே!

இவ்வட்டாரத்திலேதான் 1706-இல் முற்றுப்பெற்ற பிரெஞ்சுக்காரரின் லூயி கோட்டை நின்றது. 1761-இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். இன்று பூங்காவின் நடுவே நிற்பது ஆயி மண்டபம் எனும் வெண்ணிறக் கட்டடம். 1852 முதல் 1870 வரை பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொணரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது.

அந்நீர் பற்றி வழங்கும் கதை இது: பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர், விளக்கொளி மிகுந்த ஒரு மாளிகையைக் கோயிலெனக் கருதிக் கைகூப்பினாராம். அது ஆயி எனும் கணிகையின் இல்லம் என்றறிந்ததும் வெட்கமும் சினமும் மேலிட, அதனை இடித்துத் தள்ள ஆணையிட்டாராம். ஆயி, தன் வீட்டைத் தானே இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்கு ஒரு குளம் வெட்ட அனுமதி வேண்டினாளாம். குளம் பிறந்தது, நூற்றாண்டுகள் கடந்தும் நீர் தந்தது.

இதனைக் கேட்ட மாணவர், “ஹஜ்ரத், எப்படியும் இடிபடப் போகும் வீடுதானே? கட்டாயத்தின் பேரில் கொடுத்ததற்கு நன்மை உண்டா?” என்று வினவினார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. ‘இக்ராஹ்’ எனும் நிர்ப்பந்தத்தால் செய்யப்படும் விற்பனையும் நன்கொடையும் நிறைவான ஒப்பந்தங்கள் ஆகா என்பது ஃபிக்ஹு ஓதியோர் அறிந்ததே. பறித்த நிலத்தில் தொழுதால் கடமை நீங்கினும் குற்றம் நீங்காது என்பர் ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்கள். அத்தொழுகையே செல்லாது என்பது ஹன்பலி மத்ஹபின் பிரபலமான சொல்.

இங்கு ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 17-இல் மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்க முனைந்தபோது, ஹஸ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இடையே நின்றது. விலைக்குத் தருக, அல்லது மாற்று வீடு பெறுக, அல்லது தர்மமாக வழங்குக என்று கலீஃபா கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) மூன்றையும் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. பைத்துல் முகத்தஸைக் கட்ட முனைந்த தாவூது நபி (அலை) அவர்களுக்கு, உரியவர் இசைவின்றி ஒருவர் வீட்டைச் சேர்த்துக் கொள்ள இறைவன் இடந்தரவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதை அவர் எடுத்துரைத்தார். பேரரசுகளை வென்ற உமர் (ரலி) ஒரு வீட்டின் முன் பின்வாங்கினார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) தாமாகவே அவ்வீட்டைத் தர்மம் செய்தார்கள். இப்னு ஸஃது (ரஹ்) தமது ‘தபகாத்’தில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

மறுக்கும் உரிமை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு இருந்தது. ஆகவே அவர்களது கொடை முழுமை பெற்றது. ஆயிக்கு அவ்வுரிமை இல்லை. அரசன் செய்தது அநீதி. குளத்து நீர் முழுவதும் ஊற்றிக் கழுவினாலும் அது அநீதியே. ஆனால், அரசன் கேட்டது இடிபாட்டை மட்டுமே. குளத்தை எவரும் கேட்கவில்லை. இழப்பு நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது. அவ்விழப்பின் மேல் அவள் எழுப்பிய நன்மையோ அவளுடையது. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை எனில், கட்டாயத்தின் எல்லை முடியுமிடத்தில் நிய்யத்தின் எல்லை தொடங்குகிறது.

மாணவரிடம் இதனைக் கூறியபோது நம் நெஞ்சே நம்மைக் குத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது நமது பூர்வீக வீட்டுத் திண்ணை இடிக்கப்பட்டது. அத்தா காலத்திலிருந்து அத்திண்ணையில் வழிப்போக்கருக்காக ஒரு தண்ணீர்ப் பானை இருந்து வந்தது. திண்ணை போன அன்றே பானையையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். எஞ்சிய இரண்டு முழ இடத்துக்கு முள்வேலியும் இட்டோம். திண்ணையைப் பறித்தவர்கள் பிறர். பானையை நிறுத்தியவர்கள் நாமல்லவா? அந்தக் கணக்கையும் இத்தனை காலம் அவர்கள் பெயரிலேயே எழுதி வந்தோம்.

இதனைச் சாக்காகக் கொண்டு, ‘பொறுத்துக் கொள்ளுங்கள், நன்மை கிட்டும்’ என்று பறிப்போர் உபதேசிக்கத் தொடங்கலாகாது. அதே நகரின் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் நமது செஞ்சிக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு சென்றவை. அவற்றின் அழகைக் காண்போர் பலர்; எங்கிருந்து வந்தன என்று கேட்போர் சிலரே. நிழலில் அமர்பவருக்கு ஒரு கடன் உண்டு: இது யாருடையதாக இருந்தது என்று கேட்டறிதல். இழந்தவருக்கும் ஒரு வாசல் உண்டு: எஞ்சியதை என்ன செய்வது என்பது இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் முள்வேலியை அகற்றினோம். புதிய பானை ஒன்று வைத்துள்ளோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்று குடித்துச் செல்கிறார்கள். காலந்தாழ்த்திய இச்சிறு செயலை வல்ல நாயன் ஏற்றருள்வானாக!