சிக்கனமும் நோக்கமும்

சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுவதா, தக்க இடத்தில் செலவிடுவதா? பழமையான இவ்வினா இக்காலத்தில் ஒரு மோட்டார் வண்டியின் உருவில் நம்முன் வந்து நிற்கின்றது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இணைந்த ஹைபிரிட் கார், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று கூறிக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றது. அவ்விலைக்கு ஈடான ஆதாயம் கிட்டுமா என்பதை ஆராய்வோம்.

முதற்கண் அதன் இயல்பை அறிதல் வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் காரை டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. சாதாரண வண்டியில் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வீணே காற்றில் கலக்கின்றது. ஹைபிரிட் வண்டியோ அதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேமித்து, மீண்டும் புறப்படுகையில் பயன்படுத்துகின்றது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் ஓய்வு கொள்கின்றது. ஆகவே நின்று நின்று நகரும் நகரத் தெருக்களிலேயே அதன் சிறப்பு விளங்கும். தடையின்றி விரையும் நெடுஞ்சாலையில் ஆதாயம் சுருங்கிவிடும். நியூயார்க் நகரில் 2005-ஆம் ஆண்டு ஹைபிரிட் வண்டிகள் வாடகைக் கார்களாக ஓடத் தொடங்கியது இவ்வியல்புக்குப் பொருத்தமானதே.

சோதனைச்சாலைக் கணக்கு வேறு, சாலைக் கணக்கு வேறு என்பதையும் மறத்தலாகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் தன் அளவிடும் முறையைத் திருத்தியபோது, பிரியஸின் நகர்ப்புறக் கணக்கு காலனுக்கு 60 மைலிலிருந்து 48 மைலாகக் குறைந்தது. மாறியது வண்டியன்று, அளவுகோலே.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சாதாரண வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், ஹைபிரிட் 22.5 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், கூடுதல் விலை 2 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு 1,000 லிட்டர் மிச்சம். இரண்டே ஆண்டுகளில் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆண்டுக்கு 4,500 கிலோமீட்டர் மட்டும் செல்லும் குடும்பத்தாருக்கு 100 லிட்டரே மிச்சம்; அவர்கள் இருபதாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். கடன் பட்டு வாங்கினாலோ, வட்டி அம்மிச்சத்தையும் விழுங்கிவிடும். ஒரே வண்டி ஒருவர்க்குச் சிக்கனமாகவும் மற்றவர்க்கு ஆடம்பரமாகவும் ஆகின்றது!

மற்றொரு மயக்கமும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்னும் இருவர் அதனை 2008-இல் எடுத்துக்காட்டினர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 40 ஓடச் செய்தால், 10,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் மிஞ்சும். வெறும் 5 ஓடும் வண்டியை 10 ஓடச் செய்தாலோ 1,000 லிட்டர் மிஞ்சும். பெரிய எண் கண்ணைக் கவர்கின்றது. பெரிய விரயமோ கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. நம் வீட்டுச் செலவுகளிலும் இதுவே நிகழ்வதை நாம் காண்பதில்லையா?

நீராவி எஞ்சின் செப்பமுற்றபோது நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியதை ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் 1865-இலேயே சுட்டினார். பயணம் மலிவானால் மனிதன் மிகுதியாகப் பயணம் செய்கின்றான். கார்களில் இதனால் மிச்சம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை எனினும், அதில் ஒரு பகுதி கரைந்துபோவது உண்மையே.

ஆயின், பணக்கணக்கு ஒன்றே முடிவன்று. எரியாத ஒவ்வொரு லிட்டரும் அயலார் சுவாசிக்கும் காற்றுக்கு நாம் செய்யும் நன்மையாகும். அந்நன்மைக்காக அறிந்தே சிறிது இழப்பவர் ஏமாந்தவரல்லர். அண்டை வீட்டார் முன் பெருமை கொள்ள வாங்கிவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுபவரே தம்மைத் தாம் ஏமாற்றுகின்றனர்.

அரபு மொழியில் சிக்கனத்தைக் குறிக்கும் ‘இக்திஸாத்’ என்னும் சொல், ‘கஸ்து’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. அவ்வேருக்கு நடுநிலை என்றும் நோக்கம் என்றும் பொருளுண்டு. நோக்கம் நேராகாத வரை அளவும் நேராவதில்லை. எனவே, வண்டி எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று விற்பவரிடம் கேட்குமுன், நமக்கு எவ்வளவு பயணம் தேவை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!